துப்பாக்கிப் பெட்டிக்கு நாலு பூட்டு

"நம்பர் பூட்டு வேண்டாம். சாவி போட்டுத் திறக்கிறதா காட்டுங்க" என்றான் வெண்டல்.

கடைக்காரர் ஆர்லின் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "சாவின்னா தொலையும்ப்பா. நம்பர்னா மண்டைக்குள்ளயே கிடக்கும்."

"தொலைக்க மாட்டேன்."

லோர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கர்ட்டிஸ் சுவரில் தொங்கிய சேணங்களைப் பார்த்தபடி நின்றான்.

வெண்டல் அவனுடைய அண்ணன். இருபது வயதில் அலாஸ்காவுக்குப் போனவன், அப்பாவின் அடக்கத்துக்குத்தான் மோன்டானா பக்கம் தலைகாட்டினான். பண்ணையையும், படுக்கையில் விழுந்த அப்பாவையும் கட்டிக்கொண்டு கிடந்தது கர்ட்டிஸ். அதனால்தான் பெரியவர் தன் வேட்டைத் துப்பாக்கியைச் சின்னவன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

இப்போது அண்ணன் திடீரென்று வந்து இறங்கி, "அப்பா துப்பாக்கியை நான் கொண்டு போறேன்" என்கிறான். கர்ட்டிஸும் "சரி" என்று விட்டான்.

மழையில்லாமல் மாடுகளை விற்றதிலிருந்தே அவன் அப்படித்தான். எதைக் கேட்டாலும் சரி.

ஆர்லின் ஒரு பூட்டை எடுத்து வைத்தார். மூலையில் சிவப்பாக ஒரு குறி.

"அது வேண்டாம்" என்றான் வெண்டல். "அந்தக் குறி போட்ட பூட்டுக்கு விமான நிலையத்துல பொதுச் சாவி இருக்கு. துணிமணிக்கு அது போதும். துப்பாக்கிப் பெட்டிச் சாவி கொண்டு போறவன்கிட்ட மட்டும்தான் இருக்கணும். சட்டமே அதுதான்."

"விவரமாத்தான் வந்திருக்கே." ஆர்லின் சிரித்துக்கொண்டே பித்தளைப் பூட்டு இரண்டை எடுத்தார். "ரெண்டு போதுமா?"

"பெட்டியில நாலு ஓட்டை இருக்கு. ரெண்டை விட்டா மூலையை நெம்பிக் கையை விட்டுடலாம். நாலு கொடுங்க. எல்லாத்துக்கும் ஒரே சாவியா."

சேணங்களை விட்டுத் திரும்பிய கர்ட்டிஸ் கேட்டான். "இதைக் கட்டர் வெட்டுமா ஆர்லின்?"

"கம்பி குட்டைப்பா. பெட்டியோட ஒட்டி உட்கார்ந்துக்கும். கட்டர் வாய் நுழைய இடம் இருக்காது."

கர்ட்டிஸ் தலையாட்டினான்.

பறிகொடுக்கிறவனே பூட்டைச் சோதித்துக் கொடுக்கிறான். இப்படி ஒரு வெள்ளந்தியா என்று லோர்னாவுக்கு இருந்தது.

"ரெண்டு சாவி வரும். ஒண்ணை இவங்க வீட்டுல விட்டுட்டுப் போ. ஆபத்துக்கு உதவும்" என்றார் ஆர்லின்.

"வேண்டாம். ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்."

"ஏன், நாங்க திறந்து எடுத்துக்குவோம்னு பயமா?" என்றாள் லோர்னா.

வெண்டல் பூட்டுகளை எடுத்துக்கொண்டான். பணத்தை வைத்துவிட்டு வெளியே போனான்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து நாலு பூட்டையும் போட்டான். கூடத்தில் வைக்க எவ்வளவோ இடம் இருந்தது. தான் படுக்கும் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டான். சமையலறையிலிருந்து லோர்னா அதைப் பார்த்தாள். தட்டை வைத்த வேகத்தில் மேசை அதிர்ந்தது.

மறுநாள் பில்லிங்ஸ் விமான நிலையத்துக்கு மூவருமாகப் போனார்கள். வழியெல்லாம் அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் ஏறி விழுந்த ஒரு குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். லோர்னா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கவுன்ட்டரில் பெட்டியைத் திறந்து, தோட்டா இல்லை என்று காட்டி, திரும்பப் பூட்டினான் வெண்டல். ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தான். சாவிகளைச் சட்டையின் உள்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டான்.

லோர்னாவால் அதற்கு மேல் முடியவில்லை.

"அடுத்த தடவை வரும்போது வீட்டுக் கதவையும் கழட்டிக்கிட்டுப் போங்க. அதுவும் உங்க அப்பா போட்டதுதான்."

வெண்டலின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தவன் தம்பியைப் பார்த்தான்.

"பார்த்துக்கோ லோர்னா" என்றான். தம்பியை ஒரு தடவை கட்டிப் பிடித்தான். வெகுநேரம் விடவில்லை. பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் லோர்னா வெடித்தாள்.

"அப்பா உனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் வாரிக் கொடுத்துட்டே. நம்மைத் திருடங்களாக்கிட்டுப் போறார், நீ குதிரைக் கதை பேசிக்கிட்டு வர்றே. கேட்க வேண்டாமா?"

கர்ட்டிஸ் வண்டியைக் கிளப்பவில்லை.

"அண்ணனைத் திட்டாதே. துப்பாக்கி வேணும்னு அவன் கேட்கலை."

"பின்னே?"

"நான்தான் போன் பண்ணி, வந்து எடுத்துட்டுப் போயிடுன்னேன். நம்பர் பூட்டுன்னா உட்கார்ந்து திருகிக் கண்டுபிடிச்சுடுவேன், சாவிப் பூட்டாவே வாங்கு, ஒரு சாவியைக்கூட வீட்டுல விடாதேன்னு சொன்னதும் நான்தான்."

லோர்னாவுக்குப் புரியவில்லை. புரியத் தொடங்கியபோது அவன் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்ச நாளா கொட்டகைக்குப் போனா கை தானா அதைத் தேடுது லோர்னா. மான் சுட இல்லை."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வாகனங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரலை. உன்கிட்டச் சொல்லிடாதேன்னு அவன்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

"போன்ல அவர் என்ன சொன்னார்?"

"என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்கலை. 'இதோ கிளம்பிட்டேன். நான் வந்து சேர்ற வரைக்கும் லோர்னாவை விட்டு நகராதே'ன்னான்."