வீட்டு வாசலில் நிற்கும் படகு

கரையை நோக்கி வந்துகொண்டிருந்த படகைச் சந்தியாகு நடுக்கடலில் திருப்பினார். ஜிபிஎஸ் பெட்டி அப்படிச் சொன்னது. அதன் திரையில் படகு துறைமுகத்தைத் தாண்டி, ஊருக்குள் புகுந்து, அவர் வீட்டு வாசலில் நின்றிருந்தது.

"தாண்டி வந்துட்டோம்டா, திரும்பணும்" என்றார்.

"வாசல்லதான நிக்கிறோம்? மதினிய டீ போடச் சொல்லுங்கண்ணே" என்றான் கூட மீன்பிடிக்க வந்திருந்த இன்னாசி. சுற்றிலும் தண்ணீர். மேகத்தில் சூரியனைக் காணோம். எல்லை தாண்டிப் பிடிபட்டு எட்டு மாதம் சிறையில் கிடந்தவன் அவன். இன்னொரு முறை என்றால் இரண்டு வருடம். "ஜிபிஎஸ் கெட்டுப்போச்சுன்னு ஒயர்லெஸ்ல எல்லாரும் கத்துறாங்க. காம்பஸைப் பாருங்க."

காம்பஸைச் சந்தியாகு பாட்டு ஸ்பீக்கரின் மேல் திருகி வைத்திருந்தார். அதன் முள் ஸ்பீக்கரின் காந்தத்தைத் தவிர வேறு திசை அறியாது.

"அவனுங்க பெட்டி மட்டம். என்னோடது பொய் சொல்லாது."

அந்தப் பெட்டியைத் துடைத்த அளவுக்குத் தன் முகத்தை அவர் துடைத்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிறக் கப்பல் ஒன்று குறுக்கே வந்து நின்றது. அதன் கொடி நம்முடையதல்ல. துப்பாக்கிகளுக்கு எதிரே சந்தியாகு பெட்டியை ஒயரோடு தூக்கிக் காட்டினார். "எல்லையத் தாண்டல சார். பாருங்க, எங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம்."

அதிகாரி குனிந்து திரையை நிதானமாகப் பார்த்தார். பிறகு கொச்சைத் தமிழில் சொன்னார்: "வீடு வந்தாச்சுதானே? இறங்கு."

இன்னாசிதான் முதலில் எழுந்தான்.

"வாங்கண்ணே, டீ ஆறிரும்."