ஷீலா கை பட்ட துப்பாக்கி

"இவ கைய வெச்சுத்தான் அண்ணே என் துப்பாக்கி இப்படி ஆச்சு!"

உமாராணி குறி அட்டையை மேசைமேல் விசிறியடித்தாள். குண்டுத் துளைகள் திசைக்கொன்றாய்க் கிடந்தன. சுங்கைப் பட்டாணி துப்பாக்கி சுடும் கிளப்பின் செயலாளர் ரவிச்சந்திரன் தலையைச் சொறிந்தார்.

"நேத்து நல்லாத்தானேம்மா சுட்டே?"

"அதத்தான் நானும் கேக்குறேன்! நேத்து எல்லாக் குண்டும் ஒரே இடத்துல. இன்னைக்கு ஊர் மேயுது. ராத்திரியோட ராத்திரியா எனக்குக் கண்ணு மாறிடுச்சா?"

நியாயமான கேள்விதான். ரவிச்சந்திரனும் சும்மா இருக்கவில்லை. ஸ்குருக்களை முடுக்கினார். குறி பார்க்கும் துளையைச் சரிபார்த்தார். வேறு டப்பா குண்டும் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நாளாகவே அந்த ஏர் ரைபிள் ஒரு நாள் கும்பிடு வாங்கும், மறுநாள் ஆளைக் கவிழ்த்துவிடும்.

கிளப்பில் உருப்படியான துப்பாக்கி அது ஒன்றுதான். சீனியர் என்பதால் உமாராணிக்கு அது. இளையவள் ஷீலாவுக்குப் பழையது. மாநிலத் தேர்வுக்கு இருவரில் ஒருத்தியைத்தான் கிளப்பு அனுப்பும். யார் என்பது வரும் ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும்.

"இன்னைக்கு எங்க ஊரு செமிலிங்லேர்ந்து கொஞ்சம் சீக்கிரமா வந்தேன். கையும் களவுமா மாட்டிக்கிட்டா. என் துப்பாக்கிக் குழல்ல கம்பிய விட்டுக் குடைஞ்சிட்டிருந்தா. நான்தான் துப்பாக்கியப் பிடுங்கினேன். சபோ பண்றாண்ணே, நான் தோக்கணும்னே கெடுக்கிறா!"

மூலையில் நின்ற ஷீலாவின் கையில் துணி சுற்றிய கம்பி இன்னும் இருந்தது.

"என்னம்மா இது?"

"தொடச்சேண்ணே. கெடுதலா ஒண்ணும் பண்ணல."

"என் துப்பாக்கிய தொடைக்க நீ யாரு? காதுல பூ சுத்தாதலா!"

உமாராணிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? தினமும் பயிற்சி முடிந்ததும் கோயில் சந்தனத்தைக் குழைத்து, துப்பாக்கிக்கு ஒரு பொட்டு வைத்துத்தான் அலமாரியில் வைப்பாள். சாமிக்குப் பயந்து நடக்கிறவளுக்கு இப்படி ஒரு துரோகமா?

"இனிமே அந்தத் துப்பாக்கிய நீ தொடக்கூடாது" என்று ரவிச்சந்திரன் ஷீலாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவளும் அந்தப் பக்கமே போகவில்லை.

துப்பாக்கியோ நாளுக்கு நாள் மோசமானது.

ஞாயிற்றுக்கிழமை. போட்டிக்கு முந்திய பயிற்சிக் குண்டுகளிலேயே உமாராணியின் அட்டை அலங்கோலமாகிவிட்டது.

"பாத்தீங்களா! குழலையே நாசம் பண்ணிட்டா, பாவி! இவள மொதல்ல வெளிய அனுப்புங்க!"

கூடியிருந்தவர்கள் ஷீலாவை முறைத்தார்கள். ரவிச்சந்திரன் துப்பாக்கியை வாங்கி, தான் அதுவரை பார்க்காத இடத்தில், குழலின் வாய்க்குள் டார்ச் அடித்தார். குச்சியால் மெல்லச் சுரண்டினார். மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்!"

"சந்தனமா?" உமாராணியின் குரல் இறங்கியது.

"எங்கம்மா பொட்டு வெக்கிறே?"

"குழல் முனையிலதாண்ணே... வண்டிக்கு முன்னால வெக்கிற மாதிரி..."

"ஈரத்தோட உள்ள வழிஞ்சு காஞ்சு போயிருக்கு. குண்டு வெளிய வர்ற எடத்துல துளி அழுக்கு இருந்தாலே தெச மாறும். இங்க அடையே கட்டியிருக்கு!"

உமாராணி குனிந்து, டார்ச் வெளிச்சத்தில் தானும் குழலுக்குள் பார்த்தாள்.

ரவிச்சந்திரனின் கோபம் இப்போது ஷீலாமேல் திரும்பியது. "அன்னிக்கு நீ தொடச்சது இதத்தானா? சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன? இல்ல, பேசாமலாவது இருந்திருக்கலாமே. அவ தோத்தா நீதானே போவே?"

ஷீலா அந்தக் கம்பியை எடுத்துவந்து உமாராணியிடம் நீட்டினாள்.

"தொடச்சிட்டு மறுபடி சுடுங்கக்கா." பிறகு ரவிச்சந்திரனைப் பார்த்தாள்.

"துப்பாக்கி தோத்து நான் ஜெயிக்கணுமாண்ணே? பொட்டு வெக்காதீங்கன்னு சொல்லவும் மனசு வரல, சாமிக்கு வெச்சது. அதான் வேலையில ஓவர்டைம் இல்லாத நாள்ல முன்னாடியே வந்து, பொட்டக் கலைக்காம, உள்ள வழிஞ்சத மட்டும் தொடச்சு வெச்சேன்."