கியுமினின் முகக் கொள்கை

"மனுஷ முகத்துக்குத் தண்ணியைத் தவிர வேற எதுவும் தேவையில்ல. இது வரலாறு எப்பவோ முடிவு பண்ணிட்ட விஷயம்," என்றான் கியுமின். சொல்லும்போது அவன் முகம் எண்ணெய் தேய்த்த பித்தளைக் குடம்போல மின்னியது.

டிசம்பர் மூன்றாம் வாரம். சுன்சொன் நகரத்தின் ஏரி ஓரமாக உறையத் தொடங்கியிருந்தது. மாணவர்கள் இருவரும் தங்கியிருந்த வாடகை அறையில், தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது.

அறைத் தோழன் சாங்வூ கதவு, ஜன்னல், நாற்காலி என்று ஈரத் துண்டுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

நவம்பர் பிறந்ததும் சாங்வூவின் முகத்துக்குக் குளிர்காலச் சட்டம் அமலுக்கு வந்துவிடும். நுரைக்கிற சோப்பு போய், பால் மாதிரி ஒன்று வரும். சுடுநீர் கிடையாது, வெதுவெதுப்பு மட்டும். முகம் ஈரமாக இருக்கும்போதே டோனர், அதன் மேல் சீரம், கடைசியாக ஒரு கெட்டிக் கிரீம்.

அந்தக் கிரீம், அழகுசாதனக் கடையில் வேலை பார்க்கும் அவன் அக்கா குளிர்காலத்துக்கு ஒரு டப்பா என்று அனுப்புவது. சாங்வூ அதை விரலால் தொட மாட்டான். சின்னக் கரண்டியால் மேலாக வழித்து, உள்ளங்கையில் சூடு பண்ணி, கன்னத்தில் தட்டித் தட்டி ஒற்றுவான்.

"என்னடா, கன்னத்தைத் தூங்க வைக்கிறியா?" என்பான் கியுமின். "பட்டாளத்துல மைனஸ் இருபதுல காவல் நின்னப்பவும் எனக்கு இதே மூஞ்சிதான். யாரும் தட்டிக் குடுக்கல."

"அதான் பாத்தாலே தெரியுதே, அண்ணே."

இந்த மாதம் சாங்வூ தன் பூச்சு வேலையைக் குளியலறைக்கு மாற்றிவிட்டான். சாமான் கூடையோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான். கேட்டால், "உங்க வாய்க்குப் பயந்துதான்," என்பான்.

வரலாறு முடிவு பண்ணாத விஷயம் ஒன்று இருந்தது. டிசம்பர் முதல் வாரம் எதற்கோ சிரித்தபோது, கியுமினின் உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. சாங்வூ வகுப்புக்குப் போனதும் டப்பாவைத் திறந்து ஒரு விரல் எடுத்துப் பூசிப் பார்த்தான், வெறும் ஆராய்ச்சிக்காக. ஆராய்ச்சி தினமும் தொடர்ந்தது.

மட்டம் இறங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. தெருக்கோடிப் பொதுக் குளியல் விடுதியில், உடை மாற்றும் இடத்தில், வருகிறவர்கள் எல்லோரும் பூசிக்கொள்ளட்டும் என்று பெரிய புட்டியில் வெள்ளை லோஷன் வைத்திருப்பார்கள். அதில் கொஞ்சம் பிடித்துவந்து டப்பாவில் ஊற்றிக் கலக்கினான். பிறகு வாரம் ஒருமுறை அதே கைங்கரியம்.

தினமும் மூடியைத் திறந்தால், முந்தின நாள் தன் விரல் விட்ட குழி அப்படியே இருக்கும். பயல் கவனிக்கவில்லை என்று கியுமினுக்கு நிம்மதி.

ஜனவரியில் அந்த நிம்மதி போயிற்று. சாங்வூவின் கன்னம் சிவந்து, மூக்கோரம் தோல் செதில் செதிலாக உரிந்தது. அதே வாரம்தான் நேர்காணலுக்குக் கடிதமும் வந்தது. ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசை வேலை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அவன் ஆசைப்பட்ட ஒரே வேலை.

நேர்காணலுக்கு முந்தின நாள் மதியம், கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகினான் சாங்வூ. ஒவ்வொரு சிரிப்புக்கும் உதடு பிளந்தது.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றான் கியுமின், சுவரைப் பார்த்து.

"நான் இங்க இருக்கேன்."

பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். சாங்வூ ஒரு ஆரஞ்சை உரித்து, வழக்கம்போலப் பெரிய பாதியை அவனிடம் நீட்டினான். வாங்கக் கை கூசியது.

"பசிக்கல," என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினான் கியுமின். அதே கிரீம், அதே டப்பா. கடைக்காரப் பெண், "காதலிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினான். உண்மையைக் கேட்க அவளுக்கு நேரம் இருக்காது.

திரும்பி வந்து, "உட்காருடா," என்றான்.

சாங்வூ உட்கார்ந்தான். கியுமின் வெதுவெதுப்பான துண்டால் அவன் முகத்தை ஒற்றினான். ஈரம் காயுமுன் டோனர், அதன் மேல் சீரம். கேலி செய்வதற்காக உன்னிப்பாகக் கவனித்ததில் வரிசை மனப்பாடம் ஆகியிருந்தது. பிறகு சின்னக் கரண்டியால் புதுக் கிரீமை எடுத்து, உள்ளங்கையில் சூடு பண்ணி, அந்தச் சிவந்த கன்னத்தில் தட்டித் தட்டி ஒற்றத் தொடங்கினான்.

"உன்கிட்ட ஒன்னு சொல்லணும்டா," என்றான், தட்டுவதை நிறுத்தாமல். "உன் கிரீமை தினமும் எடுத்தது நான்தான். தெரியக் கூடாதுன்னு குளியல் விடுதி லோஷனை ஊத்திக் கலந்து வெச்சேன். உன் மூஞ்சியக் கெடுத்ததே நான்தான்."

சாங்வூ கண்களைத் திறக்கவில்லை.

"நீங்க எடுக்குறது முதல் நாளே தெரியும். கரண்டியால வழிச்சா குழி விழாதே."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. உங்க உதடு வேற வெடிச்சிருந்துச்சு."

கியுமினின் கை ஒரு கணம் நின்றது. "அப்போ அந்தக் கலப்படத்தைத் தெரிஞ்சேதான் பூசினியா?"

"கலப்படம் பண்ணது எனக்கெப்படித் தெரியும்? ரெண்டு பேருக்குப் பத்தாதுன்னு நான் அன்னைக்கே பூசுறத நிறுத்திட்டேன், அண்ணே."