அஞ்சாம் பாகம்

"யோவ் டெய்லரே, நிறுத்துய்யா! இதையேதான் புதன்கிழமையும் படிச்சே."

கண்டக்டர் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டில்காரர் தூக்கம் கலைந்து முறைத்தார்.

டெய்லர் விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு, "இல்லண்ணே, அது வேற மான். இது வேற மான்" என்றார்.

"எந்த மானா இருந்தா என்ன? கொல்றான், உரிக்கிறான், தோலைக் காய வெக்கிறான், உக்காந்து தைக்கிறான். முதல் பாகத்துல என்னா வேகம்! பனி உடையுது, கூட்டம் ஓடுது, நொண்டித் தலைவன் ஆத்தோட போறான். எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. இப்ப என்னடான்னா தையல், தையல், தையல். எழுதினவனுக்குச் சரக்கு தீந்து போச்சுய்யா."

"அடுத்த அத்தியாயம் நல்லா இருக்கும்ணே."

"கிழிச்சான்."

வாரத்துக்கு மூன்று நாள், காலை ஷிப்ட். ரெண்டு பேருக்கும் கிட்னி கைவிட்டுவிட்டது. நாலு மணி நேரம் ஒரு கையில் ஊசி குத்திக்கொண்டு மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்க வேண்டும். ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகி உள்ளே வரும். கண்டக்டருக்குச் சர்க்கரையில் பார்வையும் போயாச்சு. அதனால் டெய்லர் சும்மா இருக்கிற கையால் புத்தகத்தை மடியில் பிடித்துப் படிப்பார். குகையில் வாழ்ந்த கற்கால ஜனங்களின் கதை. ஒவ்வொரு பாகமும் தலையணை தண்டி. நாலு பாகம் முடிந்து, ரெண்டு மாசமாக அஞ்சாவது ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்லக்கூடாது, நகர்கிறது.

நர்சுக்கு வயிறு எரிந்தது. டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீரில் நாக்கை நனைத்துக்கொண்டு, தொண்டை காயக் காய ஒரு மனுஷன் படிக்கிறார். கேட்கிறவருக்கு ஒரு நன்றி உண்டா? வாயைத் திறந்தால் வசவு.

அன்றைக்கு டெய்லருக்குத்தான் முதலில் ஊசி எடுத்தார்கள். எடை பார்க்க மெல்ல எழுந்து போனார். அட்டை போட்ட புத்தகம் கட்டிலிலேயே கிடந்தது. விரிப்பை மாற்ற வந்த நர்ஸ் அதை எடுத்தவள், அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் பார்ப்போம் என்று பிரித்தாள்.

மார்பு 36. இடுப்பு 32. கை நீளம் 22.

அடுத்த பக்கமும் அதுதான். கடைசிப் பக்கம் வரைக்கும் அதுதான். தையல் கடை அளவு நோட்டு.

திரும்பி வந்த டெய்லர் அதைப் பார்த்துவிட்டு வாசற்பக்கம் ஜாடை காட்டினார். நர்ஸ் பின்னாலேயே போனாள்.

"என்னங்கய்யா இது?"

"மெதுவா பேசுங்க சிஸ்டர். நாலாம் பாகத்தோட கதை முடிஞ்சுடுச்சு. அஞ்சாம் பாகம்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

"அப்ப ரெண்டு மாசமா நீங்க படிச்சது?"

"நானா சொல்றதுதான். எனக்குத் தெரிஞ்சது தையல் ஒண்ணுதான். அதான் அவங்களையும் தைக்க விட்டுட்டேன்."

"எதுக்குய்யா இந்தப் பாடு?"

"கதை முடிஞ்ச அன்னிக்கு அண்ணன் சொன்னாரு, 'இதுக்காகத்தான்யா வந்துகிட்டிருந்தேன். இனிமே இந்த ஊசிக்கு நான் வரல'ன்னு. வராம இருந்தா எத்தனை நாள் தாங்கும், சொல்லுங்க? எனக்குச் சட்டுனு வாயில வந்துடுச்சு, 'இன்னும் ஒரு பாகம் இருக்குண்ணே'ன்னு."

நோட்டை வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனார்.

நர்ஸ் உள்ளே வந்தாள். கண்டக்டருக்கு ஊசி எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தாள். மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க சார். அந்த மனுஷனை இனிமே திட்டாதீங்க. அவரு உங்களுக்காக..."

"நோட்டைப் பாத்துட்டியாம்மா?"

நர்ஸ் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

"முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச ஆளும்மா நான். பொஸ்தகப் பக்கம் புரள்ற சத்தம் வேற, நோட்டுப் பக்கம் புரள்ற சத்தம் வேற. அது கிடக்கட்டும், கற்காலத்துல எவன்மா காஜா எடுத்துப் பட்டன் வெச்சான்?"

"தெரிஞ்சுமா திட்டறீங்க?"

"திட்டினாத்தான் ரோஷத்தோட வீட்டுக்குப் போய் அடுத்தது என்னன்னு யோசிப்பான். இல்லாட்டி அந்தக் காலி வீட்டையே பாத்துகிட்டு உக்காந்திருப்பான். பொண்டாட்டி போய் ஒரு வருஷம் ஆகுது."

கண்டக்டர் பார்வையில்லாத கண்ணைப் பக்கத்துக் கட்டில் பக்கம் திருப்பினார்.

"நாலாம் பாகம் கடைசிப் பக்கத்தை மூடிட்டு, 'இதோட என் வேலையும் முடிஞ்சுதுண்ணே'ன்னான். சிரிச்சுகிட்டேதான் சொன்னான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கல."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் அவசர அவசரமா நான் முந்திக்கிட்டேன். நான் வரமாட்டேன்னு சொன்னாத்தானேம்மா அவன் வருவான்."