யாளியின் நாக்கு

“ஏன்னா, யாளி உடம்புக்கு எந்தக் கண்ணாடி, நாக்குக்கு எது? பேப்பரை நீங்களே ஒட்டிடுங்கோ. நான் கட் பண்ணிண்டே வரேன்,” என்றாள் அனந்தலக்ஷ்மி.

கராஜ் மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தகடுகள் கிடந்தன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

எது பச்சை, எது சிவப்பு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பிறவியிலேயே எனக்கு அந்த இரண்டு நிறமும் ஒன்றுதான். இரண்டும் காய்ந்த வறட்டி மாதிரி இருக்கும். கல்யாணமாகிப் பதினைந்து வருஷமாகியும் என் மனைவிக்கு இது தெரியாது.

ரயில்வே வேலைக்கான மெடிக்கலில், புள்ளி புள்ளியாக அச்சடித்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார்கள். புள்ளிகள் நன்றாகத் தெரிகின்றன என்றேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெண் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடாதே என்றாள் அம்மா. பெண் பார்க்கப் போன அன்று, புடவைக் கலர் பிரமாதம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஜ்ஜியில் இறங்கிவிட்டேன்.

அப்படிப்பட்டவன் இன்று சான்டா கிளாராவில் கலர் பிரிண்டருக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் நிறங்கள். எல்லாமே எண்கள். எண் இருக்கிறவரை என்னை யாரும் அசைக்க முடியாது.

வீட்டில் நான் பிழைத்தது அனந்தலக்ஷ்மியின் டோபி மார்க்கால்.

துணி மாறிவிடாமலிருக்கச் சலவைக்காரர் குறி போடுவாரே, அந்த மாதிரி என் சட்டைக் காலரின் உள்பக்கம் கறுப்பு நூலால் சின்னச் சின்னப் புள்ளி தைத்து வைப்பாள். அமெரிக்கா வந்து வாஷிங் மெஷின் வாங்கிய பிறகும் விடவில்லை. மயிலாப்பூர் பழக்கம் போகவே போகாதா என்று கேலி செய்தேன்.

“கலந்துடப்படாதோன்னோ,” என்றாள்.

என்ன கலந்துவிடும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. ஒரு புள்ளிச் சட்டை போட்ட நாளெல்லாம் ஆபீசில் ‘நைஸ் க்ரீன்’ என்றார்கள். இரண்டு புள்ளி என்றால் சிவப்பு வகை என்பது ஒரு கிறிஸ்துமஸ் பார்ட்டியில் தெரிந்தது. அவளுக்கே தெரியாமல் அவள் குறியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. கெட்டிக்காரன் இல்லையா!

பிளசன்டனில் புது வீடு வாங்கினோம். வாசல் கதவை ஒட்டி ஒரு ஒல்லி ஜன்னல். அதில் வண்ணக் கண்ணாடி வைக்கலாம் என்று அவளுக்கு ஆசை வந்தது. இரண்டு பேருமாகச் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தோம்.

மற்றவர்கள் டிராகன் செய்தார்கள், கொம்பு முளைத்த குதிரை செய்தார்கள். நாங்கள் யாளி. அது என்ன நிறம் என்று டீச்சர் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பச்சை உடம்பு, சிவப்பு நாக்கு, அதுதான் மரபு என்று கால் மணி நேரம் பேசினேன். உண்மையில் நான் பார்த்த யாளியெல்லாம் கோயில் தூணில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக நின்றவை. கறுப்பில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு தகட்டிலும் நிறத்தின் பெயரை ஸ்டிக்கரில் போட்டிருந்தார்கள். அதைத் திருட்டுத்தனமாகப் படித்தேன். பிறகு கண்ணைச் சுருக்கி, தகட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ம்ம் என்று தலையாட்டி எடுத்து வைத்தேன். கடைக்காரர் என்னை ஓவியர் என்றே நினைத்திருப்பார்.

இன்று காலை அனந்தலக்ஷ்மி தகடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டாள். ஸ்டிக்கரெல்லாம் போய்விட்டது.

நான் வரைந்து நறுக்கிய பேப்பர் யாளி என் கையில் இருந்தது. மாற்றி ஒட்டினால் வாசலில் சிவப்பு யாளி பச்சை நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். அதைத் தாங்கிக்கொள்வேன். ‘இத்தனை வருஷம் என்னிடம் மறைத்தீர்களா’ என்று இவள் ஒரு பார்வை பார்த்தால், அதைத் தாங்க மாட்டேன். நிஜமாகவே பயமாக இருந்தது.

ஓவியர் பாவனையில் ஒரு தகட்டைத் தூக்கி, திறந்திருந்த கராஜ் கதவுப் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தேன்.

கீழ் மூலையில், மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி.

அடுத்த தகட்டை எடுத்தேன். இரண்டு புள்ளி.

போன உயிர் திரும்பி வந்தது. ஒரு புள்ளியில் உடம்பை ஒட்டினேன். இரண்டு புள்ளியில் நாக்கை ஒட்டினேன். பதற்றம் போனதும் வாயும் வந்துவிட்டது. இந்தப் பச்சைக்குத்தான் இந்தச் சிவப்பு எடுக்கும், வேறெதுவும் ஒட்டாது என்று அவளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கண்ணாடி வெட்டும் பேனாவை எண்ணெயில் தோய்த்தாள்.

பசை மூடியைத் திருகி மூடும்போதுதான் எனக்கு உறைத்தது.

கண்ணாடியை யாரும் வாஷிங் மெஷினில் போடுவதில்லை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் நிமிரவில்லை. நான் ஒட்டிய பேப்பரின் ஓரமாக மெதுவாகக் கீறிக்கொண்டே போனாள். நாக்கின் வளைவு முடிகிற இடத்தில் கையை நிறுத்தினாள்.

“கலந்துடப்படாதோன்னோ,” என்றாள்.