ஃப்யூஸ் போன வெள்ளிக்கிழமை

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு சுவர் இருந்ததாம். சுவருக்கு இந்தப் பக்கம் விஜயராணி, ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு சின்ன ஸ்பீக்கர். அந்தப் பக்கம் அர்த்தநாரியின் ஆறு நிட்டிங் மெஷின். ஊரோ திருப்பூர். சத்தத்துக்குக் கேட்கவா வேண்டும்?

விஜயராணிக்கு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் தாளம் கோத்து, அதன்மேல் தானே பாடிப் பாட்டு கட்டுவாள். சென்னையில் ஒரு ஆன்லைன் சேனலுக்கு அனுப்பிய முதல் பாட்டு இரண்டு முறை திரும்பி வந்தது. "பேஸ் இடிக்கிறது, குரலைக் காணோம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சரிசெய்து அனுப்புங்கள். இதுதான் கடைசி."

கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். மெஷின் இரைச்சல் பேஸை, அந்தக் கனத்த அடி ஒலியை, விழுங்கிவிடும். கேட்கவில்லையே என்று இவள் ஏற்றுவாள். இங்கே அளவாகத் தெரிவது வேறெங்கே போட்டாலும் இடியாக இடிக்கும். ஹெட்போன் மாட்டினாலும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். மூன்று மணிக்கு அர்த்தநாரியிடம் போய்க் கேட்டேவிட்டாள்.

"முதலாளி, கொஞ்ச நேரம் மெஷினை நிப்பாட்டுங்களேன்."

"எதுக்குங்க கண்ணு?"

"பாட்டுல சத்தம் சரி பண்ணணும். அஞ்சு மணிக்குள்ள அனுப்பியாகணும்."

அர்த்தநாரி சிரித்தார். "பாட்டுக்கு மெஷினை நிறுத்துனேன்னா பக்கத்து ஊரு மங்கலம் வரைக்கும் சிரிப்பாங்க. போங்க கண்ணு, போய் வேற சோலியைப் பாருங்க."

கல்லில்கூட நார் உரிக்கலாம், இந்த ஆளிடம் ஒரு மணி நேரம் வாங்க முடியாது என்று பொருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். இரைச்சலுக்குள்ளேயே மல்லுக்கட்டினாள்.

மூன்றரைக்குச் சட்டென்று எல்லாம் அடங்கியது.

அண்ணாந்து பார்த்தாள். அவள் ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கே மட்டும் ஃப்யூஸ் போயிருக்கிறது. "நல்லா வேணும்" என்று பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டாள்.

அடேயப்பா! தன் பாட்டை அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். கரும்புத் தோட்டத்தில் புகுந்த யானை மாதிரி நின்றது பேஸ். இறக்கினாள். இன்னும் இறக்கினாள். அடியில் கிடந்த குரல் மெல்ல எழுந்து வந்தது. தாளத்தோடு கோத்திருந்த கைதட்டலை ஒரு மயிரிழை ஏற்றினாள். ஸ்பீக்கரை முணுமுணுப்பாகக் குறைத்து வைத்தும் கேட்டாள். அப்போதும் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தது. கால் தானாகத் தாளம் போட்டது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் அனுப்பினாள். ஐந்தேகாலுக்குப் பதில் வந்தது: "இப்போதுதான் பாட்டு. அடுத்த வாரம் போடுகிறோம்."

செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினாள். மெஷின்கள் ஐந்து மணிக்கே திரும்ப ஓட ஆரம்பித்திருந்தன. அர்த்தநாரி தன் வாசல் கேட்டருகே நின்றிருந்தார்.

"நீங்க நிப்பாட்ட மாட்டேன்னீங்க முதலாளி. எங்க இருக்கன்குடி மாரியாத்தா நிப்பாட்டிட்டா, பாத்தீங்களா?"

"ஆமாங்க கண்ணு. சாமி நெனச்சா நம்மளால என்ன பண்ண முடியும்?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்.

பின்னாலேயே ஆபரேட்டர் லிங்கசாமி ஒரு துணி ரோலைச் சுமந்து வந்தார். துணியில் குறுக்கே ஒரு கோடு. செக்கிங்காரி கண்ணுக்குத் தப்புமா?

"என்னண்ணே, இது பாதி விலைக்கு செகண்ட்ஸுக்குத்தானே போகும்?"

"ஆறு ரோலும் அப்படித்தானுங்க. ஓட்டத்துல நிறுத்துனா கோடு உழுந்துருமில்லீங்க."

"பாவம். ஃப்யூஸ் போனா அவரு என்ன செய்வாரு?"

"ஃப்யூஸுங்களா?" லிங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "நீங்க போனதும் செவுத்துல காதை வெச்சுக் கேட்டாருங்க. 'டே, இந்தப் புள்ள குரலே மேல வரலியேடா'ன்னு அவரே மெயின் சுவிட்சை இறக்கிட்டாரு. அஞ்சு மணி வரைக்கும் ஒருத்தனும் வாயத் தொறக்கப்படாதுன்னுட்டாரு. எனக்கு இருமல் வந்துச்சுங்க, தெருமுனைக்குப் போயி இருமிட்டு வாடான்னு தொரத்திட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, ரோலைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்.