பக்கத்துக் கட்டில் அலறல்

மான்சிக்கின் கையைக் கெடுத்தவன் ஜொங்பே. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

கொரியாவின் பூசான் மீன் சந்தையில் இருவருக்கும் அடுத்தடுத்த கடை. ஜொங்பே பராக்குப் பார்த்துக்கொண்டே தள்ளிய ஐஸ் பெட்டி, மான்சிக்கின் வலது முழங்கையில் விழுந்தது. எலும்பு தப்பியது, நரம்பு நசுங்கியது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. கத்தி பிடிக்கிற கை அது.

ஜொங்பே ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

அது போதாதென்று, மான்சிக் அதிர்வலைச் சிகிச்சைக்குப் போகும் அதே கிளினிக்கில், அதே நேரத்தில், இடுப்பு வலி என்று பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்துக்கொண்டான். நடுவே ஒரு திரைதான்.

"ஐயோ! அம்மா! கொல்றாங்களே!"

இன்றும் ஆரம்பித்துவிட்டான்.

'ஆம்பளையா இவன்?' மான்சிக் பல்லைக் கடித்துக்கொண்டார். மிஷினின் முனை அவர் முழங்கையில் டக் டக் டக் என்று தட்டியது.

"சுண்டு விரல்ல சுருக்குன்னு ஏதாவது தெரியுதா தாத்தா?" என்றாள் சிகிச்சை தரும் பெண் சோல்பி.

"இல்ல."

தெரிந்தது. ஆனால் வலிக்கிறது என்றால் மிஷினைக் குறைத்துவிடுவார்கள். அப்புறம் எப்போது குணமாவது? தவிர, ஜொங்பே காதுபட முனகுவதா?

சோல்பி பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கும் ஒண்ணும் தெரியலேன்னா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டார்."

மான்சிக் தன் விரல்களைப் பார்த்தார். ஆபரேஷன் என்றால் குளிர்காலம் முழுக்கக் கடையைப் பூட்ட வேண்டியதுதான். வாயைத் திறந்தார். இத்தனை நாள் இல்லை என்றதை இப்போது எப்படி மாற்றுவது, அதுவும் அவன் கேட்க? வாயை மூடிக்கொண்டார்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"டேய் மான்சிக்! உன் கை செத்த மீன்டா! தூக்கி ஐஸ்ல போடு!"

"எதுடா செத்த மீன்? ஒரு வாரமா சுண்டு விரல்ல ஊசி குத்துதுடா! உசுரே போகுதுடா எனக்கு!"

மிஷின் நின்றது.

"ஒரு வாரமாவா? அது நரம்பு முழிச்சுக்கற அறிகுறியாச்சே! ஏன் தாத்தா சொல்லல?" சோல்பி டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வந்து விரலைத் தொட்டுத் தட்டிப் பார்த்தார். "ஆபரேஷன் வேண்டாம். இதையே தொடருங்க" என்றார்.

மான்சிக்கின் கண் கலங்கியது. அதை மறைக்க எரிந்து விழுந்தார்.

"அந்தப் பக்கம் ஒருத்தன் கத்தறானே, அவனுக்கு மிஷினைக் கொஞ்சம் குறைச்சு வைம்மா. காது போகுது."

"அவருக்கு ஏது தாத்தா மிஷின்? எங்ககிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான்."

மான்சிக் திரையை இழுத்தார். ஜொங்பே இடுப்புக்கு அடியில் ஒத்தடப் பையை வைத்துக்கொண்டு, சுகமாக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க வயசு ஆம்பளைங்க வலிச்சா வாயே திறக்க மாட்டாங்கன்னு இவர்கிட்ட ஒருநாள் புலம்பினேன். அன்னிலேருந்துதான் இந்தக் கத்து கத்தறார்" என்றாள் சோல்பி.

ஜொங்பே கூரையைப் பார்த்தான். பிறகு இன்னொரு ஆரஞ்சை நீட்டினான்.

மான்சிக் அதை வலது கையால் வாங்கினார். ஜில்லென்று இருந்தது. சுண்டு விரலுக்கும் லேசாகத் தெரிந்தது.

"மன்னிப்பு இன்னும் பாக்கி இருக்குடா" என்றார்.